பதினேழு போட்ட வண்டி

"எல்லாரும் இறங்கணும் சார், முன்னாடி பின்னாடி எல்லாரும்—"

"அவங்களுக்கு முட்டி முடியாதும்மா, அவங்க பாட்டுக்கு உள்ளேயே—"

"—இறங்கி அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும், போனை அணைக்கணும்—"

"—உக்காந்திருக்கட்டும், என்ன ஆயிடப் போவுது, நீ குழாயை மாட்டு—"

"உள்ள ஆள் இருந்தா மாட்ட மாட்டேன் சார்."

"போன தடவை மாட்டினாங்களே?"

"நான் மாட்டினேனா?"

வண்டிக்காரன் பின்கதவைத் திறந்துவிட்டான்.

பெட்ரோல் பங்க் என்றால் சீட்டில் சாய்ந்தபடியே கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டலாம். கேஸ் பங்க்கில் அந்தச் சொகுசு கிடையாது. டிக்கியில் கிடக்கும் இரும்பு சிலிண்டருக்குள் கேஸை முட்ட முட்ட அழுத்தி ஏற்றுகிறார்கள். அதனால் எஞ்சினை அணைத்து, பானெட்டையும் டிக்கியையும் திறந்துவைத்து, குடும்பம் மொத்தமும் இறங்கித் தள்ளி நின்ற பிறகுதான் குழாய். கைக்குழந்தையோடு தூங்குகிறவளைக்கூட எழுப்பி இறக்கிவிடுவார்கள்.

குழாயைப் பிடித்திருந்தவள் நீலச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தாள். வண்டிக்காரன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். பின் சீட்டில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தவள் இருவரையும் பெற்றவள். இது அந்த மூன்று பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டு பேர் வண்டியில் வந்திருந்தார்கள். அண்ணன் மகளைத் தங்கள் பையனுக்குப் பேசி முடித்துவிட்டு ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்த் தம்பதி.

சம்பந்தி ஆகப்போகிற அந்த மனிதர் ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தார். முக்குத் திரும்பும்போதே வண்டி இருமி நின்றுவிட்டது. பங்க்குவரை தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்தான். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

"பெட்ரோல்ல ஓட்டலாம்ல?" என்று நடுவழியில் கேட்டிருந்தார்.

"பெட்ரோல் மோட்டார் கொஞ்சம் மக்கர் சம்பந்தி. அது இல்லாமலே நல்லாத்தான் ஓடுது."

"அதான் பாத்தேனே" என்று சொல்லித் தள்ளினார்.

இப்போது அண்ணன் குழாய்க்குப் பக்கத்தில் வந்து, எதையோ தேடுவதுபோலக் குனிந்தான்.

"இன்னைக்கு உனக்கு லீவாச்சே?"

"மாத்திக்கிட்டேன்."

"எதுக்கு?"

"என் லீவு நாளாப் பாத்து நீ வர்றதாக் கேள்விப்பட்டேன். அதுலேருந்து நான் லீவே எடுக்கல."

"இங்க பாரு, அவங்க பெரிய இடம். யாருன்னு காட்டிக்காத. காரியம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் நீ என்ன கேட்டாலும் உக்காந்து பேசலாம்."

"சரிங்க சார்."

அந்த 'சார்' அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் யோசித்திருந்தால் அப்போதே வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போயிருப்பான்.

அம்மா கதவைப் பிடித்து மெல்ல இறங்கினாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் கோட்டைப் பார்த்தே நடந்தாள். தங்கை பங்க் அறையிலிருந்து ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அம்மாவைத் தாண்டிப் போய், சம்பந்தியம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

"உக்காருங்கம்மா. வெயிலா இருக்கு."

"ஐயோ, பெரியவங்க நிக்கிறாங்களே. அவங்களுக்குப் போடும்மா."

"அவங்க நிப்பாங்க. எது நடந்தாலும் பாத்துக்கிட்டே நிக்கிறவங்க."

சம்பந்தியம்மா இப்படியொரு பதிலை எந்தப் பங்க்கிலும் கேட்டதில்லை. நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தி, தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்மா உட்கார்ந்தாள்.

பின்னாலிருந்து பீம்... பீம்... என்று சத்தம். ஆட்டோக்காரர். வரிசையில் நின்றாலும் ஹாரன், ஓடினாலும் ஹாரன். அதனால் பேரே ஹாரன் என்று ஆகிவிட்டது.

"என்னம்மா, கல்யாண வீட்டு வண்டியா? பூசை எல்லாம் முடிஞ்சுதா இல்லையா?"

"முடியல அண்ணே. இப்பதான் ஆரம்பம்."

அவள் பானெட்டுக்குள் குனிந்தாள். நிரப்புகிற வால்வின் மூடியைத் திறந்தாள். அதற்குப் பக்கத்தில் அறைந்திருந்த, அவளுடைய லீவு நாளில் மற்றவர்கள் பார்க்காமலே நிரப்பி அனுப்பிவிடுகிற, அழுக்கேறிய தகட்டை விரலால் துடைத்தாள். துடைக்காமலே தெரியும் அவளுக்கு. இருந்தாலும் நன்றாக, பளபளவென்று வரும்வரை துடைத்தாள். பிறகு நிமிர்ந்து குழாயைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினாள்.

"இந்த வண்டிக்கு நிரப்ப முடியாது சார்."

"ஏன்?"

"பதினேழு."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி தள்ளிய களைப்பில் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

"பதினேழுன்னா என்னம்மா?"

"சொல்றேங்கய்யா. பெட்ரோல் வண்டியக் கேஸுக்கு மாத்துற மெக்கானிக் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்காங்க. யார் மாட்டினாங்களோ அவங்க நம்பரைத் தகட்டுல அடிச்சு இங்க பதிச்சிருவாங்க. இதுல பதினேழு இருக்கு. பதினேழு மாட்டின வண்டிக்கு எந்தப் பங்க்லயும் கேஸ் போடக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா உத்தரவு."

"ஏன், அந்தாளு என்ன பண்ணினான்?"

"அவர் மாட்டின வண்டியில கேஸ் கசிஞ்சதுன்னு ஒருத்தர் புகார் குடுத்தாரு. நம்பரைப் புடுங்கிட்டாங்க. கடையை மூடிட்டாரு. அந்தக் கையால எத்தனை குடும்பத்துக்கு வண்டி மாட்டினாரோ, அத்தனை குடும்பமும் வேற ஆள்கிட்ட போய்க் கழட்டி மாத்துச்சு."

"நான் மாத்தினேன்!" என்றார் ஹாரன், ஆட்டோவிலிருந்து இறங்கி வந்துகொண்டே. "பொழப்பை விட்டு வண்டிய நிறுத்திப் போட்டு மாத்தினேன். பதினேழு மாட்டினப்ப நம்ம வண்டி மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது. இப்ப மாட்டினவன் மாட்டின லட்சணத்துக்கு, வீட்டுக்காரி தூரத்துல வரும்போதே உலைய இறக்கிடுறா, நான் வந்துட்டேன்னு."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"சரிம்மா, ஏதோ பழைய தகடு. நான் அப்புறம் மாத்திக்கிறேன். இப்ப நேரமாவுது, கொஞ்சம் போட்டு விடு, ரயிலைப் புடிக்கணும்."

"மத்தவங்க எல்லாம் மாத்திட்டாங்களே சார். நீங்க ஏன் மாத்தல?"

"நேரம் கிடைக்கல."

"ரெண்டு வருஷமா?"

"ஏம்மா, அது என் இஷ்டம்."

"இஷ்டம்தான் சார். ஆனா ஒரு சந்தேகம்." அவள் சம்பந்தியின் பக்கம் திரும்பினாள். குரல் அவ்வளவு மரியாதையாக இருந்தது. "ஐயா, உங்களுக்கு ஒரு பாலத்து மேல நம்பிக்கை இல்லன்னு வைங்க. இடிஞ்சு விழும்னு நீங்களே புகார் குடுக்குறீங்க. குடுத்துட்டு தினம் அதே பாலத்து மேல புள்ளகுட்டியோட போவீங்களா?"

"எதுக்குப் போறேன்?"

"சார் போறாரே."

சம்பந்தி தகட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"புகார் குடுத்தது..."

"சார்தான்."

"ஏய்!" என்றான் அண்ணன். அந்த 'ஏய்'யில்தான் எல்லாம் அவிழ்ந்தது. முன்பின் தெரியாத பங்க்காரியை யாரும் அப்படி அதட்டமாட்டார்கள். சம்பந்தியம்மாவின் காது அதைப் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, நீ யாரு?"

"பதினேழோட பொண்டாட்டி."

"அது சரி. இவங்களுக்கு நீ யாரு?"

தங்கை தொப்பியைக் கழற்றினாள். கழற்றியதும் நெற்றியும் புருவமும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் நெற்றி, புருவம்.

"இவர் என் அண்ணன். அவங்க என் அம்மா."

"ஒரே பையன்னு சொன்னீங்களே!" சம்பந்தியம்மா நேரே அம்மாவிடம் திரும்பினாள். "நேத்து அவ்வளவு நேரம் பேசினோமே. நான் கேட்டேனே, கூடப் பிறந்தவங்க யாருமில்லையான்னு. ஒத்தைப் புள்ளயாப் பெத்து வளத்தேன்னு கண்ணத் தொடச்சீங்களே!"

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது... பேச்சுவார்த்தை இல்லாம இருக்கோம், அதனால..." என்று அண்ணன் இழுத்தான்.

"பேச்சுவார்த்தை இல்லன்னா பெத்தது இல்லன்னு ஆயிடுமா?"

தங்கைக்கு அந்தக் கேள்வி இனித்தது. இரண்டு வருஷமாக மனதுக்குள் அவள் கேட்டுக்கொண்டிருந்ததை, வேறொருத்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, நடுப்பகலில், பங்க்கில் நின்று கேட்கிறாள்.

நடந்தது இதுதான். அவள் அந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும், கேஸ் மாட்டும் வேலையை அவன்தான் நன்றாகச் செய்வான் என்று வண்டியை அவனிடமே விட்டான். மச்சான் வண்டி என்று அவனும் ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு மாட்டிக் கொடுத்தான். சிலிண்டர் வந்ததும் டிக்கியில் பாதி இடம் போய்விட்டது. குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிய அன்று பெரிய பெட்டி உள்ளே நுழையவில்லை. அண்ணன் யாரையும் கேட்கவில்லை. சிலிண்டரைப் பிடித்திருந்த பட்டையைத் தானே கழற்றி, சிலிண்டரை ஓரமாக உருட்டிப் பெட்டியைத் திணித்தான். குழாய் முறுக்கிக்கொண்டது. பாதி வழியில் நாற்றம். எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு நடுரோட்டில் குதித்தார்கள். "குடும்பத்தையே கொளுத்தப் பாத்தீங்களா?" என்று மனைவி கத்திய கத்தலில், "நான் என்ன பண்ணேன், அவன் மாட்டின லட்சணம் அப்படி" என்று வாயில் வந்ததைச் சொன்னான். சொன்ன பிறகு திரும்பப் பெற முடியவில்லை. மனைவி வீட்டார் சும்மா விடக் கூடாது என்றார்கள். புகாராகிவிட்டது.

பதினேழு அன்றைக்கே போய்ப் பார்த்திருந்தான். எதுவும் பேசாமல் சிலிண்டரைப் பழைய இடத்தில் வைத்துப் பட்டையைப் பூட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழ் வருகிறதா என்று பார்த்து, "இனிமே நீங்களாக் கழட்டாதீங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். இப்போது எங்கோ ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். லீவில் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. ஒழுகாத குழாய்களைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். அவளுக்கு அந்தச் சத்தம்தான் தாங்காது.

அவள் இந்த வேலைக்குச் சேர்ந்தபோதே தெரியும், ஊரில் இது ஒன்றுதான் கேஸ் பங்க் என்று. என்றைக்காவது அண்ணன் வண்டி அவள் கைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

"மேனேஜர் சார், கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கையைத் துடைத்தபடி மேனேஜர் வந்தார். நம்பரைப் பிடுங்கிய கமிட்டியில் இவரும் ஒருவர். தகட்டைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"பதினேழா? இன்னுமா ஓடுது? யாரு வண்டி?"

"புகார் குடுத்தவரு வண்டி சார்."

"புகார் குடுத்தவரே மாத்தலையா? என்ன சார் இது?"

அண்ணன் மேனேஜரின் கையைப் பிடிக்காத குறை. "சார், அவசரம் சார். விருந்தாளிங்களை வெச்சுக்கிட்டு... இவளுக்கு என் மேல ஏதோ பழைய கோவம்."

"பழசு இல்லண்ணா. தினம் புதுசு" என்றாள் தங்கை.

"போதும்டி" என்றாள் அம்மா. அன்றைக்கு மகளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "உன் அண்ணன்டி. நாலு பேர் முன்னாடி இப்படி நிக்க வெச்சா நல்லாவா இருக்கு?"

"என் புருஷன் பேரு போனதும் நாலு பேர் முன்னாடிதான். அப்ப நல்லா இருந்துச்சா?"

"இப்ப பொண்ணு கல்யாணம்டி. அவ உனக்கு என்ன பண்ணினா? அத்தை அத்தைன்னு உன் காலையே சுத்தி வந்த புள்ளைடி."

இது குத்தியது. அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டவள், சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவள். அவளுக்குப் பேசிய இடம் இது என்று தங்கைக்குத் தெரியும். குத்தினது குத்தினபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிடுங்கவில்லை.

"அவ ஒண்ணும் பண்ணலம்மா. அன்னைக்கு வண்டியில இருந்தது நீ. பட்டையக் கழட்டினது யாருன்னு பக்கத்துல நின்னு பாத்தது நீ. இதே மேனேஜர் சாரு வீடு தேடி வந்து கேட்டப்ப, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது தம்பின்னு சொன்னதும் நீ."

மேனேஜர் அம்மாவை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது.

"ஆமா, சொன்னீங்க. அப்புறம் நான் கிளம்பும்போது, தம்பி, செருப்பை மாத்திப் போடுறீங்கன்னும் சொன்னீங்க."

ஹாரன் விசில் அடிக்கப் போய், சூழ்நிலை பார்த்து அடக்கிக்கொண்டார்.

"போன வருஷம் உன் வாசல்ல வந்து நின்னேன்ணா" என்றாள் தங்கை. இப்போது அவள் குரலில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. "யாருக்கும் தெரிய வேணாம், அந்தக் கமிட்டிகிட்ட மட்டும் தனியாப் போய்ச் சொல்லிடுன்னு கெஞ்சினேன். காலைத் தொட வந்தேன். ஜன்னல் வழியா என்ன சொன்னே? வாயத் தெறக்காம போனா உனக்கு மரியாதைன்னு சொன்னே. நான் வாயத் தெறக்கல. போயிட்டேன். அப்ப தனியாச் சொல்லியிருந்தா தனியாவே முடிஞ்சிருக்கும்."

"இப்ப என்னதான்டி வேணும் உனக்கு?" என்றாள் அம்மா.

"எனக்கு எதுவும் வேணாம். இந்த வண்டிக்கார சார்கிட்ட கேளு, வண்டிக்குக் கேஸ் வேணுமான்னு."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். சட்டத்தைச் சொல்லும்போது அவருக்கு ஒரு தனிக் குரல் உண்டு.

"சார், விஷயம் ரொம்ப சுலபம். மாட்டினதுலதான் கோளாறுன்னா, இந்த வண்டிய நான் இங்கேருந்து நகர விடமாட்டேன். இழுத்துக்கிட்டுப் போய்ப் பிரிச்சுப் பாப்பாங்க. நீங்களாக் கழட்டினதுல வந்த கோளாறுன்னா, பதினேழு மேல தப்பே இல்ல. நானே கமிட்டிகிட்ட சொல்லி அவர் நம்பரைத் திருப்பி வாங்கிக் குடுக்குறேன். உங்க தகடும் செல்லும், இப்பவே நிரப்பிட்டுக் கிளம்பலாம். ரெண்டுல எதுன்னு உங்க வாயாலதான் வரணும்."

"நாங்க ஆட்டோல போயிக்கிறோம்" என்று சம்பந்தி மெதுவாகச் சொன்னார். அண்ணனுக்கு உயிர் வந்தது. ஆனால் சம்பந்தியம்மா நகரவில்லை.

"இருங்க. கேட்டுட்டுப் போவோம்" என்றாள். பையைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த மெக்கானிக் மாட்டினது தப்புன்னா, ஓட்டை வண்டின்னு தெரிஞ்சேதானே எங்களை ஏத்தினீங்க? உங்க பொண்ணையும் தினம் இதுலதானே காலேஜுக்குக் கொண்டுபோய் விடுறீங்க? தப்பு இல்லன்னா, தெரிஞ்சேதானே ஒரு மனுஷன் பொழப்பைக் கெடுத்தீங்க? இதுல எந்த வீட்டுல நான் சம்பந்தம் பண்றேன்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தன் முட்டியைப் பார்த்தாள். மனைவி வீட்டில் இருக்கிறாள். மகள் வீட்டில் இருக்கிறாள். கூட நின்று கத்துவதற்கு இன்றைக்கு ஆளில்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. பள்ளிக்கூட வேன் ஒன்று, டாக்சிகள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி நின்ற ஒரு குடும்பம். பாதிப் பேர் ஒரு காலத்தில் பதினேழு போட்ட வண்டி வைத்திருந்தவர்கள். விஷயம் ஒருவர் வாயிலிருந்து ஒருவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் ஹாரனில் கை வைக்கவில்லை.

தங்கை குழாயைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். வால்வுக்கு நேரே பிடித்தாள். மாட்டவில்லை.

"சொல்லிடேன்டா" என்றாள் அம்மா, யாருக்கும் கேட்காத குரலில்.

அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டான். கண் தன் செருப்பு நுனியில் நின்றது.

"பெட்டி வைக்க எடம் இல்ல" என்று முணுமுணுத்தான். "அதனால... நான்தான் கழட்டினேன். அவன் மாட்டினது சரியாத்தான் இருந்துச்சு."

மேனேஜர் தலையை ஆட்டினார். சம்பந்தியம்மா பையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது, இனி மாட்டிவிடுவாள் என்று நினைத்து அண்ணன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். குழாய் அதே இடத்தில் இருந்தது.

"தரையைப் பாத்துச் சொன்னா தரைக்குத்தான் கேக்கும்ணா. அந்தக் கடைசி வண்டிக்காரர் வரைக்கும் போவணும், தலையத் தூக்கிச் சொல்லு."